ஒப்புரவும் நாற்பது ஏக்கர் நிலமும்

1865ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் இரவு எட்டு மணியளவில், அமெரிக்காவின் ஜியார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில், வடபுலப் படைத்தலைவர் வில்லியம் ஷெர்மன் தங்கியிருந்த மாளிகைக்குக் கறுப்பினத் திருச்சபைத் தலைவர்கள் இருபதுபேர் வந்து சேர்ந்தனர். அவர்களைச் சந்திக்கும்பொருட்டு வாஷிங்டனிலிருந்து போர் அமைச்சர் எட்வின் ஸ்டான்டன் வந்திருந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் பாப்திஸ்து, மெதடிஸ்து சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் ஆவர். பலர் சில வாரங்களுக்கு முன்புவரை அடிமைகள். அனைவர் சார்பிலும் பேசத் தெரிந்தெடுக்கப்பட்டவர் காரிசன் பிரேசியர் என்னும் 67 வயதுப் பாப்திஸ்துப் போதகர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஊழியம் செய்தவர். அதில் பெரும்பகுதியை அடிமையாகவே இருந்து செய்தவர். எட்டாண்டுகளுக்கு முன்னர்தான் பொன்னும் வெள்ளியுமாக ஆயிரம் டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் விடுவித்துக்கொண்டார். விலைகொடுத்து மீட்கப்படுதலை நாம் பிரசங்க பீடத்தில் உவமையாக எடுத்துரைக்கிறோம். அம்முதியவருக்கோ அது எண்ணிக் கொடுத்த காசு.

இச்சந்திப்பு ஏன் நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1864ஆம் ஆண்டின் இறுதியில் ஷெர்மனின் படை அட்லாண்டாவிலிருந்து கடற்கரை நோக்கி நடந்தபோது ஆயிரக்கணக்கான அடிமைகள் தோட்டங்களை விட்டு அப்படையின் பின்னே வந்தனர். படைக்கு அவர்கள் பாரமாகத் தோன்றினர். டிசம்பர் 9ஆம் நாள் எபெனேசர் ஓடை என்னும் நீர்நிலையைப் படையினர் மிதவைப் பாலத்தில் கடந்ததும், பின்னால் வந்த அடிமைகள் கடக்குமுன் பாலம் எடுக்கப்பட்டது. துரத்தி வந்த தென்புலக் குதிரைப்படைக்கு அஞ்சி நீரில் குதித்தவர்களில் பலர் மாண்டனர். செய்தி வாஷிங்டனை எட்டியபோது எழுந்த கண்டனமே போர் அமைச்சரைச் சவானாவுக்கு அழைத்து வந்த காரணங்களுள் ஒன்று. நம் வாசகர்களுக்கு மற்றொரு செய்தியும் இங்கே உண்டு. எபெனேசர் என்னும் அப்பெயர், சமயக் கொடுமைக்குத் தப்பி 1734இல் அங்கே குடியேறிய சால்ஸ்பர்க் லுத்தரன் மக்கள் இட்ட பெயர். அவர்களின் போதகர் போல்ட்சியஸ், தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவின் வழியில் ஊழியரை அனுப்பிய அதே ஹாலே நகரத்திலிருந்து சென்றவர். ஜியார்ஜியாவில் அடிமை முறை நுழையலாகாது என்று தொடக்கத்தில் எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். உதவியின் கல் என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்த நீரின் கரையில்தான் உதவி மறுக்கப்பட்டது.

ஸ்டான்டன் வினாக்களை எழுதிவைத்துக் கேட்டார். அடிமை நிலை என்றால் என்ன, விடுதலை என்றால் என்ன என்பது அவற்றுள் ஒன்று. ஒருவனுடைய உழைப்பை அவன் இசைவின்றி வலிமையால் பறித்துக்கொள்வதே அடிமைத்தனம் என்றும், தம் உழைப்பின் பயனைத் தாமே கொள்ளும் நிலையில் வைக்கப்படுவதே விடுதலை என்றும் பொருள்படப் பிரேசியர் விடையளித்தார். பள்ளிக்குச் சென்றறியாத ஒரு சமுதாயத்தின் பிரதிநிதி இரண்டே வாக்கியங்களில் கூறிய இவ்விலக்கணத்தைச் சட்ட அறிஞர்கள் இயற்றிய பல விளக்கங்களினும் தெளிவானதாக நாம் கருதுகிறோம். உங்களை நீங்களே பேணிக்கொள்வது எவ்வாறு என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும் என்றார். முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளும் அதைப் பயிரிடுவர், இளைஞர் படையில் சேருவர், பின்னர் நிலத்தை விலைக்கே வாங்கிக்கொள்வோம் என்றார். வெள்ளையரோடு கலந்து வாழ விரும்புகிறீர்களா, தனித்தா என்று கேட்டபோது, தென்னாட்டில் எங்கள்மேல் உள்ள வெறுப்பு நீங்கப் பல ஆண்டுகள் செல்லும், ஆகவே தனித்து வாழ்வதே நலம் என்றார். இதற்கு மட்டும் ஒருவர் உடன்படவில்லை. ஜேம்ஸ் லிஞ்ச் என்னும் 26 வயது மெதடிஸ்து ஊழியர், சேர்ந்து வாழ்வதே நன்று என்று பதிவு செய்தார். ஏனையோர் அனைவரும் முதியவர் பக்கம் நின்றனர். இறுதியில் ஷெர்மனை வெளியே அனுப்பிவிட்டு, அவரைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் அமைச்சர் வினவினார். நேற்றைய அடிமைகள் படைத்தலைவருக்கு நற்சான்று வழங்கினர். படைத்தலைவரோ அவர்களிடம் அப்படிக் கேட்டதை ஓர் அவமதிப்பாகவே நெடுநாள் எண்ணினார்.

நான்கு நாட்கள் கழித்து ஷெர்மனின் 15ஆம் சிறப்புக் கள ஆணை வெளிவந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கேயுள்ள கடல்தீவுகளும், கரையிலிருந்து முப்பது மைல்வரை உள்ள கைவிடப்பட்ட நெல்வயல்களும் விடுதலை பெற்றோர்க்கென ஒதுக்கப்பட்டன. குடும்பத்திற்கு நாற்பது ஏக்கருக்கு மேற்படாத விளைநிலம். ஜூன் மாதத்திற்குள் ஏறத்தாழ 40,000 பேர் 4,00,000 ஏக்கர் பரப்பில் குடியேறினர். ஆயினும் அவர்கள் கையில் கிடைத்தது அனுபவ உரிமைச் சீட்டே. முழு உரிமைப் பத்திரம் அன்று. இவ்வேறுபாட்டைப் பின்னால் காண்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கி 1865இல் முடிந்தது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர் மாண்டனர். நாற்பது இலட்சம் அடிமைகள் விடுதலை அடைந்தனர். அதன்பின் 1877வரை நீடித்த காலத்தை வரலாற்றாசிரியர் மறுசீரமைப்புக் காலம் என்பர். இக்காலத்தில் ஆற்றப்படவேண்டியிருந்த ஒப்புரவு ஒன்றன்று, இரண்டு. வடக்கும் தெற்குமாகப் பிரிந்து போரிட்ட வெள்ளையர் தம்முள் ஒப்புரவாகவேண்டும். ஆண்டானும் அடிமையுமாய் இருந்தவர்கள் ஒரே நாட்டின் குடிமக்களாக ஒப்புரவாகவேண்டும். முதலாவது ஒப்புரவுக்குரிய விலை இரண்டாவதிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்பதே நாம் இக்கட்டுரையில் காட்ட விரும்புவது.

பிளவு திருச்சபையிலேயே முதலில் தோன்றியது. ஜியார்ஜியாவின் பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ திருமண உறவால் அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்ததை முன்னிட்டு 1844இல் மெதடிஸ்து சபை பிளவுற்றது. அடிமை உடையோரை அருட்பணியாளராக அனுப்பலாமா என்ற வினாவினால் 1845இல் பாப்திஸ்துகள் பிரிந்தனர். போர் மூண்டபின், 1861 டிசம்பரில், ஜியார்ஜியாவின் அகஸ்டா நகர்ச் சபை ஒன்றில் தென்புலப் பிரஸ்பிட்டேரியர் கூடித் தனிச் சபை அமைத்தனர். அச்சபையின் போதகர் ஜோசப் வில்சன் அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் அடிமை முறைக்கு வேதாகம ஆதாரம் காட்டிப் பிரசங்கித்திருந்தார். அவருடைய மகனுக்கு அப்பொழுது ஐந்து வயது நிறையவில்லை. அச்சிறுவனை நாம் மீண்டும் சந்திப்போம். யாழ்ப்பாணத்தில் 1816 முதலும் மதுரையில் 1834 முதலும் ஊழியம் செய்த அமெரிக்கன் போர்டு சங்கமும் இவ்வழக்கிலிருந்து தப்பவில்லை. அடிமை உடையோரின் காணிக்கையை அது மறுக்கவில்லை என்று குறைகண்டவர்களும் சேர்ந்து 1846இல் நிறுவியதே அமெரிக்க மிஷனரி சங்கம். விடுதலை பெற்றோர்க்குப் பின்னாளில் மிகுதியான பள்ளிகளை அமைத்துக் கொடுத்தது இச்சங்கமே.

1865 ஏப்ரல் 14ஆம் நாள் லிங்கன் சுடப்பட்டார், மறுநாள் மரித்தார். அவர்பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் டென்னசி மாநிலத்தவர். தையற்காரராக வாழ்வைத் தொடங்கி உயர்ந்தவர். தென்னாட்டின் பெருந்தோட்டக்காரரை அவர் வெறுத்தார் என்பர். ஆனால் கறுப்பினத்தார் அவ்விடத்திற்கு உயர்வதை அதனினும் வெறுத்தார். மே 29ஆம் நாள் அவர் பொது மன்னிப்பு அறிவித்தார். பற்றுறுதி ஆணையிட்டவர்களுக்கு அடிமைகள் தவிர மற்றைய சொத்துக்கள் யாவும் திரும்பும் என்றார். பெருஞ்செல்வர் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்று விதித்தபோதிலும், ஆயிரக்கணக்கில் அவர்களுக்கும் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்னும் அச்சொல் நாற்பது ஏக்கர் நிலத்தின்மேல் இவ்வாறு வந்து விழுந்தது.

விடுதலை பெற்றோர் நலத்துறை என ஓர் அரசுத்துறை 1865 மார்ச்சில் அமைக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் ஆலிவர் ஹாவர்ட் என்னும் படைத்தலைவர். பக்தி மிகுந்தவர் என்று பெயர் பெற்றவர். 1862இல் போர்க்களத்தில் வலக்கையை இழந்தவர். நிலங்களைத் திருப்பித் தர மனமின்றி அவர் காலந்தாழ்த்திப் பார்த்தார். குடியரசுத் தலைவர் விடவில்லை. அக்டோபரில், தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குச் சென்று மக்களிடம் நேரில் சொல்லும் பணி அவர் தலையில் விழுந்தது. தீவின் ஆலயத்தில் மக்கள் நிரம்பியிருந்தனர். வந்த செய்தி இன்னதென்று முன்னமே கசிந்திருந்ததால் கூச்சல் அடங்கவில்லை. அப்பொழுது ஒரு பெண் எழுந்து அடிமைக்காலத்துத் துயரப் பாடல் ஒன்றைத் தொடங்க, ஆலயம் முழுவதும் சேர்ந்து பாடியது. அதன்பின்னரே அவர் பேசமுடிந்தது. பழைய எசமானரோடு ஒப்புரவாகி, ஒப்பந்தம் செய்து, கூலிக்கு வேலை செய்யுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். தாம் சுமந்து சென்ற செய்தியைக் குறித்து அவருக்கே வெட்கம் இருந்தது என்பது அவர் பின்னர் எழுதியவற்றால் புலனாகிறது.

தீவு மக்கள் மூவர் கொண்ட குழு ஒன்றைத் தெரிந்தெடுத்தனர்: ஹென்றி பிராம், இஸ்மவேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்சன். இவர்கள் ஹாவர்டுக்கு எழுதிய விண்ணப்பம் இன்றும் உள்ளது. எழுத்துப்பிழைகள் மலிந்த அக்கடிதத்தைத் திருச்சபை வரலாறு பயிலுவோர் ஒருமுறையேனும் வாசிக்கவேண்டும் என்பது நம் விருப்பம். எங்கள் தீவின் நிலக்கிழார்களை மன்னிக்கும்படி கேட்கிறீர். போரில் உமக்குப் போனது வலக்கை மட்டுமே, நீர் அவர்களை மன்னிக்கக்கூடும் என்று அவர்கள் எழுதினர். என்னை மரத்தில் கட்டி 39 அடி அடித்தவன், என் தாயையும் சகோதரியையும் ஆடை களைந்து அடித்தவன், தனக்கே உழைத்துத் தன் கூலிக்கே இசைந்தாலன்றித் தன் வெறுங்குடிசையிலும் தங்கவிடாதவன், எனக்கு நிலம் கிடைக்காதபடி மற்றவர்களோடு கூடிச் சதி செய்கிறவன்; இவனை எங்களால் எளிதில் மன்னிக்க இயலாது என்பதே அவர்கள் உரைத்ததன் சாரம்.

இவ்விடையைக் கடின மனத்தின் வெளிப்பாடு என்று தள்ளுவோர் அதன் அமைப்பைக் கவனிக்கவேண்டும். அடித்தது இறந்தகாலம், நிலத்தைத் தடுப்பது நிகழ்காலம். நடந்து முடிந்த குற்றத்தை மட்டுமன்று, நடந்துகொண்டிருக்கும் குற்றத்தையும் மன்னிக்கும்படி அவர்கள் கேட்கப்பட்டனர். ஒன்றுகுறைய நாற்பதடி பட்ட அப்போஸ்தலனின் நிருபங்களை நாம் விளக்கும்போது ஒப்புரவாகுதல் என்னும் சொல்லைக் கையாளுகிறோம். நம் மொழியில் அச்சொல்லுக்கு அதற்கும் முந்திய வரலாறு உண்டு. திருக்குறளில் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம், உடையவன் தன் பொருள் ஊருக்குப் பயன்படும்படி வாழ்வதைப்பற்றியது. பகை தீர்தலும் பொருள் பகிர்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தமிழுக்கு வாய்த்த பேறு. எடிஸ்டோ மக்கள் இவ்விரண்டையும் பிரிக்க மறுத்தார்கள். அவர்களைக் கேட்க வந்தவர்களே பிரித்தனர். 1866 முடிவதற்குள் ஆணைவழி பெற்ற நிலங்களுள் பெரும்பகுதி பழைய உடைமையாளரிடம் சென்றுவிட்டது.

இதனால் மறுசீரமைப்பு முழுவதும் ஏமாற்றமே என்று முடிவுகட்டுவது தவறு. 1865 டிசம்பரில் 13ஆம் சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஜான்சனின் ஆதரவில் எழுந்த தென்மாநில அரசுகள் கறுப்பினத்தாரை ஆண்டு ஒப்பந்தங்களில் கட்டிப்போடும் தனிச்சட்டங்களை இயற்றவே, காங்கிரஸ் பேரவை சினங்கொண்டு பணியைத் தன் கையில் எடுத்தது. 1867இல் தென்னாடு ஐந்து படை மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுக் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை அளிக்கப்பட்டது. 1868இல் நிறைவேறிய 14ஆம் திருத்தம் குடியுரிமையையும், 1870இல் நிறைவேறிய 15ஆம் திருத்தம் வாக்குரிமையையும் அரசியலமைப்பில் பொறித்தன. இன்றுவரை அந்நாட்டு நீதிமன்றங்களில் உரிமை கோருவோர் 14ஆம் திருத்தத்தையே நாடுகின்றனர்.

ஆயினும் சட்டமன்றங்களினும் விரைவாக மறுசீரமைப்பு நடந்த இடம் திருச்சபை. எசமானரின் ஆலயங்களில் மேல்மாடத்தில் அமர்த்தப்பட்டிருந்தவர்கள் கூட்டங்கூட்டமாக எழுந்து வெளியேறினர். தென்புல மெதடிஸ்து சபையில் 1860இல் இரண்டு இலட்சத்துக்கு மேலிருந்த கறுப்பின உறுப்பினர், 1866இல் எண்பதாயிரத்துக்கும் கீழே குறைந்தனர். 1816இல் பிலதெல்பியாவில் ரிச்சர்டு ஆலன் அமைத்த ஆப்பிரிக்க மெதடிஸ்து எப்பிஸ்கோப்பல் சபை, போருக்குமுன் ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டது. 1880இல் 4,00,000 பேரை எட்டியது. அதன் பேராயர் டேனியல் பெயினின் வரலாறு நெஞ்சைத் தொடுவது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தென் கரோலினாச் சட்டம் தடுத்ததால், தாம் நடத்திவந்த பள்ளியை மூடிவிட்டு 1835 மே மாதம் அவர் சார்ல்ஸ்டனை விட்டு வெளியேறினார். சரியாக முப்பதாண்டுகள் கழித்து, 1865 மே மாதம், பேராயராகத் திரும்பிவந்து அங்கே தம் சபையின் மாநாட்டை நிறுவினார். கல்வியைத் தடைசெய்த அம்மாநிலங்களில் 1869ஆம் ஆண்டளவில் நலத்துறையின் கணக்கில் ஏறத்தாழ 3,000 பள்ளிகள் இருந்தன. மாணவர் 1,50,000க்கு மேற்பட்டோர். பிள்ளைகளோடு பாட்டிமாரும் அமர்ந்து எழுத்துக்கூட்டினர். வேதத்தைத் தாமே வாசிக்கவேண்டும் என்பதே அவர்களுள் பலரின் ஆசை.

பேசவும் கூட்டம் நடத்தவும் பழகிய போதகர்களே அரசியலுக்கும் சென்றனர். 1870 பெப்ருவரி 25ஆம் நாள் அமெரிக்கச் செனட் சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர், மிசிசிப்பியின் ஹைராம் ரெவல்ஸ், ஒரு மெதடிஸ்துப் போதகர். சவானாவில் தனித்து நின்ற இளைஞர் ஜேம்ஸ் லிஞ்ச் அதே மாநிலத்தின் அரசுச் செயலராக உயர்ந்தார். தென்மாநிலங்கள் பலவற்றில் எல்லாப் பிள்ளைகளுக்குமான பொதுப்பள்ளி முறை முதன்முதலாக உருவானது இவ்வரசுகளாலேதான். ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அதனால் பயன்பெற்றனர். ஊழல் நிறைந்த ஆட்சி என்று இதனைப் பழிப்பது நெடுங்கால வழக்கம். ஊழல் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் நியூயார்க் மாநகரை ட்வீட் கூட்டத்தார் சூறையாடியதைச் சுட்டி, வெள்ளையர்க்கு வாக்குரிமை கூடாது என்று எவரும் வாதிடவில்லையே!

நிலமில்லாமை இவையனைத்தையும் அடியிலிருந்து அரித்தது. குடும்பங்கள் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டன. விளைந்த பருத்தியில் பாதி நிலக்கிழாருக்கு. விதை, ஏர், உணவு எல்லாம் கடைக்காரரிடம் கடன்; கடனுக்கு ஈடு இன்னும் விளையாத பயிர். கணக்குப் புத்தகம் கடைக்காரர் கையில். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பாக்கியே நின்றது; பாக்கி உள்ளவன் வேறிடம் செல்ல முடியாது. சிறுகச் சிறுகச் சேமித்தவர்களும் தப்பவில்லை. அவர்களுக்கென 1865இல் தொடங்கிய சேமிப்பு வங்கி 1874இல் மூடப்பட்டபோது, அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஏறக்குறைய முப்பது இலட்சம் டாலர் சிக்கிக்கொண்டது.

இத்தகையோரை அச்சுறுத்தி வாக்குச்சாவடியிலிருந்து விலக்குவது கடினமன்று. 1866இல் டென்னசியில் தோன்றிய கூ கிளக்ஸ் கிளான் முதலிய கூட்டங்கள் ஆசிரியரையும் போதகரையும் தேடித் தாக்கின. பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன. 1873 ஏப்ரல் 13, உயிர்த்தெழுதல் ஞாயிறு. அன்று லூசியானாவின் கோல்பாக்ஸ் என்னும் ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தாரை வெள்ளையர் படை முற்றுகையிட்டது. சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டனர், குறைந்தது அறுபதுபேர், அதனினும் மிகுதி என்பாரும் உளர். தண்டிக்கப்பட்ட சிலரையும் உச்சநீதிமன்றம் 1876இல் விடுவித்தது. தனிமனிதர் இழைக்கும் கொடுமையை 14ஆம் திருத்தம் தடுக்காது என்று அது கூறிற்று. இவ்வாறு மாநிலங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றியவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் மீட்பர்கள். தம் செயலை அவர்கள் மீட்பு என்றனர். திருச்சபையின் உயிர்ச்சொல் ஒன்றைத் திருடர் எடுத்துச் சூடிக்கொண்டபோது தென்னாட்டுப் பிரசங்க பீடங்களிலிருந்து எழுந்த மறுப்பு மிகச் சொற்பம் என்பதை வருத்தத்தோடு குறிக்கிறோம்.

1876ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவு பிணக்கிற்குள்ளாயிற்று. பதினைவர் குழு எட்டுக்கு ஏழு என ஹேஸ் என்பவருக்குத் தீர்ப்பளித்தது. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளைக் காத்து நின்ற படைகள் பாசறைக்குத் திரும்பின. வடக்கும் தெற்கும் கைகுலுக்கின. மிசிசிப்பி 1890இல் தன் அரசியலமைப்பை மாற்றி வாக்குரிமையை ஏட்டளவினதாக்கியது. பிற மாநிலங்கள் பின்பற்றின. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்நிலை நீடித்தது.

தோல்வியுற்றது எது என்பதையும் வென்றவர்களே எழுதினர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கின் வழிவந்தோர், தகுதியற்றோர்க்கு வாக்களித்ததே பிழை என்று பாடநூல்களில் எழுதினர். டூபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் 1935இல் வெளியிட்ட பெருநூல் இதனை ஆதாரங்களோடு மறுத்தது. பல்கலைக்கழகங்கள் அதற்குச் செவிகொடுக்க ஒரு தலைமுறை பிடித்தது.

1913 ஜூலையில், கெட்டிஸ்பர்க் போரின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், இருதரப்பு முதிய வீரர் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதே களத்தில் கூடினர். பகைவர் சகோதரராயினர், பிணக்கு மறந்துபோயிற்று என்று அவர்களிடையே உரையாற்றியவர் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். அகஸ்டாப் போதகரின் மகன் இவரே. அடிமை முறையைப்பற்றி அவ்வுரையில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வாண்டிலேயே அவருடைய அரசு தன் அலுவலகங்களில் கறுப்பின ஊழியரைத் தனியே பிரித்து அமர்த்தியது. திருச்சபையும் அதே வழியில் சென்றது. 1844இல் பிரிந்த மெதடிஸ்துகள் 1939இல் ஒன்றாயினர். தென்புலத்தாரின் இசைவைப் பெறும்பொருட்டுக் கறுப்பினச் சபைகள் எங்கிருந்தாலும் அவற்றை ஒரே தனி ஆட்சிமண்டலத்தில் ஒதுக்கிவைப்பது இணைப்புத் திட்டத்தின் ஒரு பகுதி. வடபுலச் சபையின் பொது மாநாட்டில் கறுப்பினப் பிரதிநிதிகள் 47 பேரில் 36 பேர் எதிர்த்து வாக்களித்தனர், ஏனையோர் வாக்களிக்கவில்லை. திட்டம் நிறைவேறிற்று. அம்மண்டலம் ஒழிந்தது 1968இல்.

எடிஸ்டோவுக்குத் தெற்கே, கடற்கழி ஒன்றைக் கடந்தால், செயின்ட் ஹெலினா தீவு உள்ளது. போர் தொடங்கிய ஆண்டிலேயே வடபுலக் கப்பற்படை அங்கே வந்திறங்கியதால் தோட்டக்காரர்கள் ஓடிவிட்டனர். அவர்கள் செலுத்தாத வரிக்காக அரசு 1863 முதல் நிலங்களை ஏலமிட்டது. தீவின் மக்கள் காசு சேர்த்து, பத்து ஏக்கர் அளவிலான சிறு துண்டுகளை வாங்கினர். இவர்கள் பெற்றது அனுபவச் சீட்டன்று, விலைப்பத்திரம். ஆகவே ஜான்சனின் மன்னிப்பு இங்கே செல்லவில்லை. லாரா டவுன் என்னும் பெண்மணி 1862இல் தொடங்கிய பென் பள்ளியைச் சுற்றி, சொந்த நிலத்தில் உழுத அக்குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. மார்ட்டின் லூதர் கிங் 1960களில் தம் உடன் ஊழியரைக் கூட்டித் திட்டமிடுவதற்கு, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின்கீழ் அச்சமின்றி இராத்தங்கக்கூடிய இடம் ஒன்று தேவைப்பட்டது. தென்னாட்டில் அத்தகைய இடங்கள் மிகச் சிலவே. அவர்கள் பலமுறை கூடியது பென் பள்ளி வளாகத்தில்.